ரோமன் ஆன என் தம்பி

ரோமன் என்ற சொல் எனக்கு முதலில் ஒரு லைனின் பெயராகத்தான் தெரியும். எங்கள் எஸ்டேட்டில் கூலிக்காரர்களுக்கு நான்கு லைன்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வீடுகள். நாங்கள் இருந்தது இரண்டாவது லைன். கடைசி லைனுக்கு ரோமன் லைன் என்று பெயர். அங்கே இருந்தவர்களும் எங்களைப் போலவே கீழ்நாட்டிலிருந்து பிழைப்பு தேடி மலையேறி வந்தவர்கள்தான். எங்களைப் போலவே காப்பிப் பழம் பறித்தார்கள், எங்களைப் போலவே மேஸ்திரியிடம் திட்டு வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை கவிச்சி தின்ன மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு நடந்து போய் மாதா கோயிலில் மண்டி போடுவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் ஒன்பது வயதிலேயே எனக்கு ஒரு தீர்மானம் இருந்தது. மாதம் ஒரு முறை அந்த லைனுக்கு வருகிற வெள்ளைக்காரச் சாமியாருக்கு மார்பு வரை தாடி. ரோமம் நிறைய இருப்பதால் ரோமன் என்று முடிவு கட்டிவிட்டேன். எஸ்டேட் துரைக்கு மீசைகூடக் கிடையாது, முகத்தை மழமழவென்று சிரைத்திருப்பார். அவரும் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்தான், ஆனால் ரோமன் இல்லை என்று ஆபீசில் பேர் எழுதும் ரைட்டர் ஒருநாள் சொன்னபோது என் கண்டுபிடிப்பு இன்னும் உறுதியானது. வெள்ளைக்காரத் துரை ரோமன் இல்லை, கருத்துப்போன கடைசி லைன்காரர் ரோமன். இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

நான் அதிகம் பேசாத பெண். சிரிப்பும் அவ்வளவாக வராது, அழுகையும் வராது. லைனில் என்னை ஊமைக்கோட்டான் என்பார்கள். "ஊமை ஊரைக் கெடுக்கும்" என்று பக்கத்து வீட்டு அக்கா என் கன்னத்தைக் கிள்ளுவாள். ஊரைக் கெடுக்கிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் இல்லை. எங்கள் வீட்டை மட்டும் கெடுத்தேன்.

அந்த வருடம் மார்கழியில் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு எட்டு மாதம். பழம் பறிக்கிற காலம் என்பதால் அம்மா விடிந்ததும் மேல்காட்டுக்குப் போய்விடுவாள். அப்பா ஓடைக்கரையில் பழம் உரிக்கிற மில்லுக்குப் போய்விடுவார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வீட்டில் இருப்பேன். போகும்முன் அம்மா அவனுக்குப் பால் கொடுப்பாள், மத்தியானம் ஓடி வந்து ஒரு முறை கொடுப்பாள். காய்ச்சல் வந்த நாலாம் நாள் காலையில் அவன் பால் குடிக்கவில்லை. அம்மா அவன் வாயில் இரண்டு சொட்டுப் பீய்ச்சிப் பார்த்தாள். அது கடைவாய் வழியாக வெளியே வந்துவிட்டது.

ஏற்காட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. குறுக்குப் பாதையில் போனால் இரண்டு மைல். அங்கே மட்டும் போகக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். போனால் ரோமன் ஆக்கிவிடுவார்கள் என்பது அவர் பயம். சாயங்காலம் கிளியூரிலிருந்து பச்சிலை வைத்தியரைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா தம்பியைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

"மதரம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ கண்ணு. மருந்து வாங்கிக் குடுத்துட்டு வெரசா வந்துரு. உங்கப்பங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. நான் மேஸ்திரிகிட்டக் கேட்டுட்டுப் பொறவாலயே வந்தர்றேன்."

மேஸ்திரி விடவில்லை. அது அம்மாவின் தவறில்லை.

வழியெல்லாம் மூடுபனி. தம்பியை வைத்திருந்த இடுப்புப் பக்கம் மட்டும் எனக்குச் சுட்டது, மற்றப் பக்கம் குளிரில் விறைத்தது. அவன் அழவில்லை. அழாமல் இருக்கிறானே, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் வயதான மதர் ஒருவர் இருந்தார். பிள்ளையை மேசையில் போடச் சொல்லித் துணியை விலக்கிப் பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, அவர்கள் படித்துக்கொண்ட புத்தகத் தமிழில், "பிள்ளை, இவன் தலையில் தண்ணீர் ஊற்றலாமா? உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

எங்கள் லைனில் குழந்தைக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறி வெட்டி இழுத்தால் உச்சியில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் பிள்ளைக்கு அப்படி ஊற்றித்தான் பிழைத்தது. இவருக்கும் அந்த வைத்தியம் தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் தலையாட்டினேன். அவருக்குப் போதாதோ என்று இன்னொரு முறையும் ஆட்டினேன்.

அவர் வெள்ளைக் கூஜாவிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து அவன் நெற்றிக்கு மேலே மூன்று தடவை ஊற்றினார். ஊற்றும்போது ஏதோ பாஷையில் முணுமுணுத்தார். மந்திரிக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் ஊர்ப் பூசாரியும் தண்ணீர் தெளிக்கும்போது முணுமுணுப்பார். தம்பி ஒருமுறை கண்ணைத் திறந்தான். தலையின் ஈரம் காயும்முன் செத்துப்போனான்.

ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டாள். "அழுவாத கண்ணு. உன்ற தம்பி இப்ப ரோமன் ஆயிட்டான். நேரா மோட்சத்துக்குப் போயிருவான்" என்றாள். நான் அழவில்லை. அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். தாடி இல்லாத எட்டு மாதப் பிள்ளை எப்படி ரோமன் ஆவான் என்று யோசித்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அதுதான், பொய் சொல்வானேன்.

ஆஸ்பத்திரி ஆள் எஸ்டேட்டுக்குப் போய்ச் சொல்ல, மத்தியானத்துக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அம்மா பழக்கூடையைக்கூட இறக்கி வைக்காமல் வந்திருந்தாள். அப்பாவின் கையெல்லாம் காப்பிப் பழச்சாறு. லைனில் செத்துப்போகிற குழந்தைகளை ஓடைக்கு அப்பால் பலாமரத்தடியில் புதைப்போம். அங்கே கொண்டுபோக அப்பா பிள்ளையைத் தூக்கினார். மாதா கோயிலிலிருந்து வந்திருந்த தாடிக்காரச் சாமியார் தடுத்தார். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையை வேறு எங்கும் புதைக்கக்கூடாது, மதில் வைத்த ரோமன் கல்லறைத் தோட்டத்தில்தான் புதைக்க வேண்டும் என்றார்.

"ஆரக் கேட்டுத் தண்ணி ஊத்துனீங்க?" என்றார் அப்பா.

"வீட்டாருடைய சம்மதம் கேட்டேன். கிடைத்தது" என்றார் மதர். அவர் சொன்னது உண்மை. என்னைக் கை காட்டவில்லை. நான் கதவுக்குப் பின்னால் தம்பியைச் சுற்றி வந்த துணியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லி உட்டயா?"

"மருந்துக்குத்தானுங்க அனுப்புனேன். வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க."

"எனக்குத் தெரியாம அனுப்புனவ, என்ன சொல்லி அனுப்புனயோ, ஆரு கண்டா?"

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. கை கால் எல்லாம் வேறு யாருடையதோ என்று இருந்தது. கடைசியில் துரையிடம் போனார்கள். பழக்காலத்தில் சண்டை வேண்டாம், சாமியார் சொல்கிறபடி செய்யுங்கள் என்று ரோமன் இல்லாத துரை தீர்ப்புச் சொன்னார். தம்பியை மதிலுக்கு உள்ளே புதைத்தார்கள்.

எங்களில் மூன்றாம் நாள் குழியில் பால் ஊற்றுவது வழக்கம். பால் குடிக்கிற பிள்ளையானால் தாய்ப்பாலையே பீய்ச்சிக் கொடுத்து அனுப்புவார்கள். பெண்கள் குழிமேட்டுக்குப் போகமாட்டார்கள், ஆண்கள் கொண்டுபோய் ஊற்றி வருவார்கள். அம்மாவுக்குப் பால் கட்டி மார்பு கல்லாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பித்தளை டம்ளர் நிறையப் பீய்ச்சினாள். அப்பா அதைத் துணியால் மூடி எடுத்துப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கல்லறைத் தோட்டத்துச் சாவி வைத்திருந்த மாதா கோயில் உபதேசியார் கதவைத் திறக்கவில்லையாம்.

"இங்க அந்தப் பழக்கமெல்லாம் ஆகாதுங்கறான். சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டேங்கறான்" என்று டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

அம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு, "வா கண்ணு" என்றாள். பெண்கள் போகாத இடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

கல்லறைத் தோட்டம் சரிவில் இருந்தது. மேல்பக்கத்து மதிலின் அடியில், மழைத்தண்ணீர் தேங்கி மதிலைத் தள்ளிவிடாமல் உள்ளே வடிந்து போக ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். என் கை நுழையும் அளவு. அம்மா மண்டி போட்டு அந்த ஓட்டையில் பாலை ஊற்றினாள். கொஞ்ச தூரம் வெள்ளையாக ஓடியது, பிறகு மண் குடித்துவிட்டது. நான் குனிந்து உள்ளே பார்த்தேன். தம்பியின் மேடு இருபது முப்பது அடி கீழே இருந்தது.

"அவங்கிட்டப் போச்சா?" என்று கேட்டாள்.

"போச்சும்மா" என்றேன்.

பால் வற்றும் வரை தினமும் விடியற்காலையில் வந்து ஊற்றினாள். யாராவது வருகிறார்களா என்று பார்க்க நான் பாதையில் நிற்பேன். திரும்பி வந்ததும் அடுப்பங்கரைச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவாள். பதினோரு கோட்டோடு பால் நின்றுவிட்டது.

அப்பா அம்மாவை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். அவள் கையால் சோறு வாங்குவதை நிறுத்திவிட்டார். அம்மா ஆக்கி இறக்கி வைப்பாள், நான் எடுத்துப் போடுவேன். பிள்ளையை அவள்தான் ரோமன்காரர்களுக்குத் தாரைவார்த்தாள் என்று அவர் நம்பினார். முதலில் அம்மா இல்லையென்று சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். தலையாட்டின நானே தினம் இரண்டு வேளை அவருக்குச் சோறு போட்டேன். தட்டை என்னிடம் நீட்டும்போது அவர் முகம் கொஞ்சம் இளகும். எனக்குச் சோறு இறங்காது என்றெல்லாம் இல்லை, இறங்கியது. வளர்ந்தேன்.

பழக்காலம் முடிந்ததும் அந்த மதரே எங்கள் லைனுக்கு வந்தார். பெண்ணை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், சும்மா படிக்கட்டும் என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஒண்ணை எடுத்துக்கிட்டீங்க. ஒண்ணுக்காச்சும் நாலெழுத்துச் சொல்லிக் குடுங்க" என்றாள். அப்படித்தான் எனக்குப் படிப்பு வந்தது. இன்று வரை நான் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் அவன் செத்ததால் கிடைத்தது என்று நினைப்பேன். நினைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல் எங்கே பார்த்தாலும் இருந்தது. கூடத்துக் கடிகாரத்தில் இருப்பது ரோமன் எண் என்றார்கள். ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு கோடு. எங்கள் அடுப்பங்கரைச் சுவரில் இருப்பதும் இதுதானே என்று தோன்றியது. பதினொன்றுக்கு மட்டும் அவர்கள் ஒரு பெருக்கல் குறி போட்டுப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார்கள். அம்மா பதினோரு கோட்டையும் தனித்தனியாகப் போட்டிருந்தாள். இங்கிலீஷ் எழுத்து ரோமன் எழுத்து என்றார்கள். அதை எழுதுகிற துரை ரோமன் இல்லையே என்று கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சர், பழைய காலத்தில் நம் ஆட்கள் யவனர் என்று சொன்னது அவர்களையும் சேர்த்துத்தான் என்றார். மிளகுக்காகப் பொன்னை ஏற்றிக்கொண்டு கப்பலில் வருவார்களாம். அவர்கள் காசு கொங்குச் சீமையில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறதாம். எங்கள் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடிதான். அதற்காக யாரும் கப்பலில் வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பிறகு ஒருநாள் பூகோளப் படத்தில் ரோம் என்ற ஊரைக் காட்டினார்கள். கடலுக்குள் கால் நீட்டியது போல ஒரு தேசம், அதன் நடுவில் ஒரு புள்ளி. போப்பாண்டவர் அங்கே இருக்கிறார், அதனால்தான் அவர் சபைக்காரர்களுக்கு அந்தப் பெயர். தாடியும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் ஊர்ப் பெயர். சேலத்துக்காரர் என்கிற மாதிரி ரோமுக்காரர். இந்த மலையை விட்டு அடிவாரம்கூடப் பார்க்காத என் தம்பி எட்டாம் மாதத்தில் ரோமுக்காரன் ஆகியிருக்கிறான். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த ஊரு எப்படி உண்டாச்சாம்?" என்று கேட்டாள்.

பாடத்தில் இருந்த கதையைச் சொன்னேன். இரட்டைப் பிள்ளைகளை ஆற்றில் விட்டுவிட்டார்கள். கரை ஒதுங்கின பிள்ளைகளை ஓநாய் ஒன்று பால் கொடுத்துக் காப்பாற்றியது. அதில் ஒருவன் வளர்ந்து கட்டிய ஊர், அவன் பெயரே ஊருக்கு வந்தது. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஓநாய் பால் குடுத்துச்சா?"

"ஆமாம்மா."

"அத ஆரும் வெரட்டலியா?"

"இல்லம்மா."

"என்னையத்தான் உள்ள உடல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

தலையாட்டியது நான்தான் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் இருந்தது. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அடுத்த வருடம் தள்ளிப்போடுவது சுலபம். நான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்துச் சின்ன வகுப்புக்கு டீச்சர் ஆனேன். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மில்லுக்குப் போக முடியாமல் படுத்தார். படுக்கையிலும் கஞ்சியை என் கையால்தான் குடித்தார். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் அம்மா கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வாள். அவராக எழுந்தால் குடிப்பார். அவர் செத்த அன்று காலையில் வைத்த கஞ்சி அப்படியே இருந்தது.

அதற்கு அடுத்த வருடம், பள்ளிக்கூடத்துப் புத்தக அலமாரியைத் துடைக்கும்போது தடியான ஒரு அகராதியைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு ரோம் என்ற சொல்லைத் தேடினேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று போட்டிருந்தது. ஓநாய்ப் பால் குடித்தவன் பெயர் என்று ஒரு கட்சி. அங்கே ஓடும் ஆற்றின் பழைய பெயர் என்று ஒரு கட்சி. பலம் என்ற அர்த்தமுள்ள கிரேக்கச் சொல் என்று ஒரு கட்சி. கடைசியாக, பால் சுரக்கும் மார்புக்கு அங்கே இருந்த பழைய சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கட்சி. இரண்டு தடவை படித்தேன். அலமாரியைத் துடைத்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா வாசலில் மிளகு காயப்போட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, ரோமுங்கிற பேரு எதுல இருந்து வந்துச்சுன்னு புஸ்தகத்துல பாத்தேன். ஆளுக்கொண்ணு சொல்றாங்க. புள்ளைக்குப் பால் குடுக்கற மாருன்னு அர்த்தம்னு ஒருத்தரு எழுதியிருக்காரு."

மிளகைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது. "அப்படியா" என்றாள். கை மறுபடி துழாவியது.

அதைச் சொன்ன வாயோடு மற்றதும் வந்துவிட்டது. "அம்மா, அன்னிக்கு மதர் எங்கிட்டத்தான் கேட்டாங்க, தண்ணி ஊத்தலாமான்னு. நாந்தான் தலையாட்டுனேன். காச்சலுக்கு ஊத்தறாங்கன்னு நெனச்சுட்டேன்."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது ஓலமிடுவாள் என்று. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"பச்சத்தண்ணியா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"குளுந்து இருந்துச்சா?"

"கூஜாத் தண்ணிம்மா. மார்கழி மாசம். நல்லாக் குளுந்து இருந்துச்சு."

"எத்தன தடவ ஊத்துனாங்க?"

"மூணு தடவ."

"கண்ணத் தொறந்தானா?"

"ஒருக்காத் தொறந்தான்."

அம்மா ஒரு பிடி மிளகை அள்ளி மெல்லக் கீழே விட்டாள். பிறகு தனக்குள் சொல்லிக்கொள்வது போல, "நொம்பக் கொதிச்சுக் கெடந்தான். நானா இருந்தாலும் ஊத்துங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். அவள் குரலில் பன்னிரண்டு வருடத்தில் நான் கேட்காத ஒரு நிம்மதி இருந்தது.  அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று எழுந்திருக்கப் போனேன்.

"உங்கப்பங்கிட்ட மட்டும் இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாங் கண்ணு" என்றாள். "எங்கையால ஒரு வாய் தின்னுட்டுப் போயிருப்பாரு."

பிறகு மிளகை அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தாள். நானும் அள்ளினேன்.